சொதிக்கு முன் மடிந்த இலை

அக்காளின் கல்யாணத்துக்கு மறுநாள் தென்காசியில் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. தேங்காய்ப்பாலில் வைத்த சொதியைத் தொடாமல் மாப்பிள்ளை எழுந்துவிட்டால், அந்தக் குறை பெண்ணைப் பெற்றவளையே சேரும் என்பது எங்கள் உறவினர் வகுத்த சட்டம்.

கொழும்பிலிருந்து வந்திருந்த சித்தப்பா வேறொரு சட்டம் கொண்டுவந்திருந்தார். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொரு பதார்த்தமாகத்தான் உண்பார்களாம். அவர் அதைச் சன்னல் வழியாகப் பார்த்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அவர் சொன்னபடியே நடந்தது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் பரிமாறினேன்.

முதலில் உளுந்த வடை, பிறகு வெள்ளரிக்காய்ப் பச்சடி, அதன்பின் நீண்ட இடைவெளி. குற்றாலத்து அருவியில் குளித்துவிட்டுக் கொலைப்பசியோடு வந்திருந்த மாப்பிள்ளை காலி இலையைச் சற்று நேரம் நோக்கினார். பெண் வீட்டாரின் வசதி இவ்வளவுதான் போலும் என்று முடிவு செய்து, பெருந்தன்மையோடு இலையை மடித்தார்.

மடித்த இலையில் பரிமாறும் வழக்கம் இல்லை. அம்மா அடுப்படிக் கதவோரம் நின்றபடி சித்தப்பாவிடம் கேட்டாள்: "கொழுந்தனாரே, மாப்பிள்ளை எந்திரிக்காவ. உங்க துரைமாரு இப்ப என்ன செய்வாவ?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மாவே வழியும் சொன்னாள்:

"புது இலை போடச் சொல்லுங்க. இம்புட்டு நேரம் பலகாரம், இனிமேதான் விருந்துன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை அதை நம்பினாரோ, அவர் பசி நம்பியதோ, மீண்டும் உட்கார்ந்தார். சொதி, இஞ்சித் துவையல், அவியல், பாயசம் எல்லாம் ஒருசேர இலையில் இறங்கின. சொதியை அவர் கேட்டுக் கேட்டு வாங்கியதில் பாத்திரம் காலியாயிற்று. அம்மாவின் முகம் தெளிந்தது.

சித்தப்பாவின் சோற்றுக்கு மிஞ்சியது இஞ்சித் துவையல்தான். செரிமானத்துக்கு நல்லது என்று அம்மா அதைத் தாராளமாகவே வைத்தாள்.