தோட்டத்து மகிழடியில்

காலையில் உதிர்ந்து வெயிலில் வாடிக்கிடக்கும் மகிழம்பூவின் வாசனையில் மற்றவர்களுக்கு மனசு குளிரும் என்பார்கள், எனக்கு மட்டும் இந்த வயசிலும் பயம்தான் வரும். திருவொற்றியூரில் பிறந்த எங்களுக்கு மகிழம் வெறும் பூமரம் இல்லை. கோயில் மகிழடியில் சத்தியம் செய்துவிட்டு மீறினால் கண் அவிந்துபோகும் என்பது தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுக்குக்கூட அதன் நிழலில் "நெசம்மா" என்று சொல்லமாட்டோம்.

டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தில் கரி சுமந்துகொண்டிருந்த எங்கள் நைனாவுக்குக் கப்பலிலேயே அடுப்புக்குக் கரி தள்ளும் வேலை வந்தது. அவர் பூரித்துப்போயிருந்தார், அம்மா சாப்பாட்டை விட்டாள். "போமாட்டேன்னு மகிழடில வந்து சொல்லுயா" என்று அவள் கூப்பிடக் கூப்பிட, நைனா கோயில் பக்கமே தலைவைக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். எனக்கோ இரண்டு பக்கமும் பயம்: போனால் கடல், சொல்லிவிட்டுப் போனால் கண்.

அம்மாவின் தம்பி, தேனாம்பேட்டைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துச் செடித்தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனோம். கரித்தூளும் கருவாடும் கலந்த காற்றையே அறிந்த எனக்கு அந்த ஈரமண் நிழல்கூடக் கலக்கமாகத்தான் இருந்தது. பட்டுப்போகிற கிழமரங்களிலிருந்து விதையும் கிளையும் கொண்டுவந்து தொட்டி தொட்டியாகக் கன்று எடுத்து வைத்திருந்ததை மாமா காட்டினார். "மரம் வுழுந்தாலும் வம்சம் நிக்கணும் பாரு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

பக்கத்தில் நைனாவைவிடக் கொஞ்சம் உயரமாக ஓர் இளமகிழம் நின்றது. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். "இங்கியாவது சொல்லுயா."

நைனாவுக்குச் சிரிப்பு. "இன்னாமே, இது இன்னா கோயில் மரமா? தோட்டத்து மரம். சொல்லிட்டாப் போவுது" என்று அதன்மேல் கைவைத்து, "கப்பலேற மாட்டேன், சத்தியம். போதுமா?" என்றார். அது ஒப்புக்குச் சொன்னது என்று தெரிந்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீரோடு வந்த மாமா, நடந்தது தெரியாமல், "அட, கரீட்டா அதுகிட்டயே நிக்கிறியே மச்சான்! நம்ம கோயில் மரத்துக் கொட்டையில வந்ததுதான் இது. நாந்தான் ஒரு தபா மடியில முடிஞ்சுக்கினு வந்தேன்" என்றார்.

நைனா வெடுக்கென்று கையை எடுத்தார். அம்மா மரத்தைக் கும்பிட்டாள். திரும்பும்போது டிராமில் நைனா அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

நைனா கப்பல் ஏறவில்லை. "இன்னா மாமு, மரத்துக்குப் பயந்துக்கினியா?" என்று தோஸ்துகள் கிண்டல் செய்ததற்குச் சிரித்துக்கொண்டே கரிக்கூடையைத் தூக்கினார். அந்தக் கரியே நெஞ்சில் இறங்கி, இருமலாகி, அவரைக் கொண்டுபோனது. ஐந்தாம் வகுப்போடு நான் வேலைக்குப் போனதும் அதனால்தான். "கடல்ல பூட்டிருந்தா மொகத்தைக்கூடப் பாத்திருக்க முடியாது" என்று அம்மா கடைசிவரை சொன்னாள். அவள் கேட்டு வாங்கிய சத்தியம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

சமீபத்தில் பேத்தி அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். டிராம் தடம் இல்லை, தோட்டமே பாதியாகச் சுருங்கியிருந்தது, மகிழம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை. மரம் ஏதோ ஒரு புயலில் விழுந்ததாகவும், அதற்கு முன்பே அதன் கொட்டைகளில் கன்று எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டதாகவும் அங்கே வேலை செய்யும் பெண் பெருமையோடு சொன்னாள். நல்ல காரியம்தான். ஆனால் அவை இப்போது யார் யார் வீட்டு வாசலில் நிற்கின்றனவோ, அந்த நிழலில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடக் கூடாதே என்று, அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.