பொட்டு வைத்த பட்டன்

கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்தில், வலது ஓரமாக, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதற்குள் சிவப்பாக இரண்டு எண்கள் எரியும். இப்போது வரும் பெட்டிகளில் அது கிடையாது. நான் ரொம்பவும் பயந்த நேரம் எது என்று யோசித்தால், எத்தனையோ புயல் பார்த்தவன், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் விடிய விடிய நின்றவன், ஆனாலும் கண்முன் வருவது அந்த ஜன்னல்தான். 25 என்று எரிய வேண்டிய இடத்தில் 08 என்று எரிந்தது.

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினீர்கள். இரண்டு பிராசஸர், எதை வாங்குவது என்று. ஒன்றில் கோர் அதிகம், மற்றதில் வேகம் அதிகம், ஒன்று சூடாகும், மற்றது கரண்டைக் குடிக்கும் என்று என்னென்னவோ சொன்னீர்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, “அப்பா, நீங்க சொல்லுங்க” என்றீர்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், காரைக்காலை ஒட்டிய நெரவிப் பக்கம் ஒரு நூல் ஆலையில் சம்பளப் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்றால் மூன்று பேர்தான். ஹெட் கிளார்க் சார், டைப்பிஸ்ட் அக்கா, நான். ஹெட் கிளார்க் சார் முதலாளியின் அப்பா காலத்து ஆள், கணக்கைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார். டவுனில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அக்காவுக்கு வீடு. அப்பா இல்லை. அம்மாவும் படிக்கிற தம்பிகள் இரண்டு பேரும் இவர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். டைப் அடித்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்வார், ஒரு எழுத்து தப்பாது. நான் ஓவர்டைம் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தால், “தம்பி, நீ கூட்டி முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு ரிட்டயராயி பேரன் எடுத்துடுவான்டா” என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கை இன்னும் மெதுவாகிவிடும்.

அந்த வருஷம் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் எண்ணம் வந்தது. மெட்ராஸ் கம்பெனி ஒன்று, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு மிஷினை அனுப்பிவைத்தது. கூடவே டை கட்டிய ஒரு பையன் வந்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. உள்ளே இருக்கிற மூளைதான் வேறு என்றான். ஒன்று டூ எய்ட்டி சிக்ஸ், இன்னொன்று த்ரீ எய்ட்டி சிக்ஸ். அதைவிட உசத்தியாக மேஜை மேல் வைக்கிற மிஷின் இந்த நாட்டுக்கு இன்னும் வரவில்லை என்று பெருமையாகச் சொன்னான். அக்கா உடனே பெயர் வைத்துவிட்டார், சின்னவர், பெரியவர் என்று. எங்கள் பழைய ரிகார்டு ரூமைக் காலி செய்து, ஏ.சி. மாட்டி, அவர்களைக் குடிவைத்தார்கள். கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தரையின் குளிர்ச்சி இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது.

அந்தப் பையன்தான் எனக்கும் அக்காவுக்கும் அந்த ஜன்னலைக் காட்டினான். சின்னவருக்கு 12, பெரியவருக்கு 25, அதுதான் அவர்கள் ஓடுகிற வேகம். ஜன்னலுக்குக் கீழே ஒரு சதுரப் பட்டன் இருந்தது. பெரியவரில் அதை அமுக்கினான். டக் என்று உள்ளே போய் நின்றது, எண் 08 ஆகிவிட்டது. சில பழைய புரோகிராம்கள் அந்த வேகம் தாங்காதாம், அதற்காக மெதுவாக்குகிற வசதியாம். அக்கா சிரிசிரி என்று சிரித்தார். “காசக் கொட்டி வேகத்த வாங்கணும், அப்பறம் அதக் குறைக்க ஒரு பட்டன் வேற. நல்லாருக்குய்யா ஒங்க யாவாரம்.” மறுபடி அமுக்கி, 25 வந்ததைக் காட்டிவிட்டு அவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். முதலாளி அப்போது அங்கே இல்லை. அவருக்கு அந்த ஜன்னல், பெட்டியில் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் முதலாளி எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். டீ சொல்லிவிடுகிற குரலில்தான் சொன்னார். “சின்னதே போதும்னா மூணு பேரும் இருங்க. பெருசுதான் சரின்னு பட்டுதுன்னா அதோட வெலைக்கு நான் எங்கயாச்சும் குறைக்கணும். ஒரு ஆள் குறையும்.” ஹெட் கிளார்க் சாரை அவர் தொட மாட்டார் என்பது ஆலை வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஆக, பெரியவர் ஜெயித்தால் வெளியே போவது ஒன்று அக்கா, இல்லாவிட்டால் நான்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மா அப்போது உங்களில் மூத்ததைச் சுமந்துகொண்டிருந்தாள். வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்காது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். ஆலையில் நாள் முழுக்க அக்காவும் நானும் அந்தக் குளிர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தொழிலாளர்களின் பேரையும் சம்பளத்தையும் இரண்டு மிஷினிலும் ஏற்றினோம். எங்கள் கழுத்துக்கு வருகிற கத்திக்கு நாங்களே சாணை பிடிப்பதுபோல. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால், முன்பெல்லாம் என் பொரியலில் கை வைக்கிற அக்கா இப்போது தன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போனால் நல்லது என்று நான் நினைக்கிறேனோ என்று அவருக்கு. நான் போனால் நல்லது என்று அவர் நினைக்கிறாரோ என்று எனக்கு. ஒருநாள் பெரியவரின் தலையைத் தட்டி, “பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் போங்க. நாங்களும் பொழைக்கணும்ல” என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. மெட்ராஸ் பையன் பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டு விஜயதசமிக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனான். ஆலை முழுக்கக் கழுவிவிட்டு, கேட்டில் வாழை கட்டி, மிஷின்களுக்கும் லாரிக்கும் எடைத் தராசுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஆபீசில் மட்டும் வருஷா வருஷம் பொட்டு வைப்பது அக்கா. அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். முதலாளியின் டிரைவர் வாசலில் நின்றபடி, “மாதா கோயில் பொண்ணு கையால பொட்டு வச்சா மிஷினு ஞாயித்துக்கெழம லீவு கேக்குமே” என்றார். “கேட்டா குடுங்க. நானும் அது கூடவே எடுத்துக்கறேன்” என்றார் அக்கா. பைல் ஸ்டாண்டு, டைப்ரைட்டர், ஸ்டேப்ளர் என்று வைத்துக்கொண்டே வந்தவர், கட்டைவிரலால் சின்னவருக்கும் பெரியவருக்கும் முகத்தில் அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் இட்டார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இரண்டு பெட்டிக்கும் ஆளுக்கொரு கதம்பச் சரத்தை மேலிருந்து தொங்கவிட்டோம். அது முகத்தை மறைத்துக்கொண்டு அழகாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. எதையும் ஆரம்பிக்க நல்ல நாள், இன்றைக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் முதலாளி. விற்கிற பையன் பக்கத்தில் இல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது. லாரி வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் விற்கிறவனை வெளியே நிறுத்திவிட்டுத் தன் இடத்தில் தன் சுமையை ஏற்றிப் பார்த்துத்தான் வாங்குவார். வெறுங்காலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடுவில் நின்றார். சின்னவர் முன்னால் நான், பெரியவர் முன்னால் அக்கா. அவர் “ம்” என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டினோம். ஆலையின் அத்தனை பேருக்கும் சம்பளம் போட்டு முடிக்க வேண்டும். திரையில் பெயர்கள் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. நான் பக்கத்துத் திரையைப் பார்க்கப் பயந்து என் திரையையே பார்த்தேன். சின்னவர் முடித்துவிட்டார். திரும்பினால், பெரியவர் இன்னும் பெயர்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி பெரியவரும் முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். “இதுக்குத்தான் அவ்ளோ வெலயா? சின்னதே போதும். அவன் வந்ததும் அட்வான்ஸக் குடுத்துடுங்க” என்று ஹெட் கிளார்க் சாரிடம் சொன்னார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பூச்சரத்தை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் 08. அதன் கீழே அந்தச் சதுரப் பட்டன் உள்ளே போய்க் கிடந்தது. அதன்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கட்டைவிரல்தான். வேண்டுமென்று செய்ததல்ல என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, ரத்தமே இல்லை. எதுவும் சொல்ல வேண்டாம் என்று நான் தலையை லேசாக ஆட்டினேன். சும்மா இருந்தால் போதும், மூன்று பேருக்கும் வேலை நிற்கும். ஆனால் அந்தத் தலையாட்டல் முடிவதற்குள்ளேயே அடுத்த பயம் வந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பையன் வருவான். முதல் பார்வையிலேயே 08 அவன் கண்ணில் படும். பட்டனில் அக்காவின் பொட்டு. பக்கத்தில் தட்டோடு நின்றவன் நான். முந்தின வருஷம், ஆலையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற ஒரு பிட்டரைத் திருடன் என்று பட்டம் கட்டி, ஷிப்ட் விடுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டில் நிற்கவைத்தார்கள். பிறகு அது அவர் செய்ததல்ல என்று தெரிந்தது. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு காரைக்காலில் தலைகாட்டவில்லை. பேசினாலும் பயம், பேசாவிட்டாலும் பயம்.

“ஐயா, இதுல ஒரு பட்டன் அமுங்கிருக்கு.”

அக்காவின் குரல்தானா என்று இருந்தது. அவ்வளவு மெலிசு. எந்தப் பட்டன் என்றார் முதலாளி. வேகத்தைக் குறைக்கிற பட்டன், நேற்று பொட்டு வைக்கும்போது தன் கை பட்டு அமுங்கியிருக்க வேண்டும் என்றார் அக்கா. முதலாளி குனிந்து பட்டனைப் பார்த்தார்.

“தெரிஞ்சு அமுக்குனியா, தெரியாமயா?”

“தெரிஞ்சு அமுக்கிருந்தா இப்ப ஏங்கய்யா நானே சொல்றேன்?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். உனக்குத் தெரியுமா என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. நிஜமாகவே திறக்கவில்லை. அக்காதான் சொன்னார், “அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னான்.”

சந்தனம் இடுக்கில் இறுகிவிட்டதால் பட்டன் வெளியே வரவில்லை. அக்கா தன் ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டினார். பின் இரண்டு தடவை வழுக்கிப் பெட்டியில் கீறல் விழுந்தது. டக் என்றது. 25 எரிந்தது. மறுபடி ஓட்டினோம். சின்னவர் பாதியைக்கூடத் தாண்டவில்லை, பெரியவர் முடித்துவிட்டு அமைதியாக நின்றார். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பெரியதையே எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடிப் போனார்.

சாயங்காலம் பஸ்சுக்கு நடக்கும்போது, ஏன்க்கா சொன்னீங்க என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் வாய்க்கால் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். “ரொம்பத் தைரியம்னு நெனச்சுக்காதடா. அவ்ளோவும் பயம். நாளைக்கு அந்தப் பையன் வந்து பாப்பான்னு தோணுச்சு. அதுவரைக்கும் இந்த ஒரு ராத்திரியத் தாங்க முடியாதுன்னு தோணுச்சு. வாய் தன்னால தொறந்துடுச்சு.” பிறகு, “நம்ம சும்மா இருந்திருந்தா அவன் கவனிக்காமக்கூடப் போயிருப்பான்ல?” என்றார். ஒரே பயம்தான் எங்கள் இரண்டு பேருக்கும். அது என் வாயை அடைத்தது, அவர் வாயைத் திறந்துவிட்டது. ஏன் அப்படி என்று இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

மாதக் கடைசியில் முதலாளி அக்காவை நிறுத்திவிட்டார். பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விடும், அவன் பிள்ளைக்குட்டி ஆகப்போகிறவன் என்று ஹெட் கிளார்க் சாரிடம் காரணம் சொன்னாராம். பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனதில் அது இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. கடைசி நாளன்று அக்கா குளிர் அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தார். அழுவார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். “பெரியவரப் பாத்துக்க. அடுத்த வருசம் பொட்டு வச்சா ஓரமா வையி” என்றார். போய்விட்டார்.

பிறகு அவர் பத்திர ஆபீஸ் எதிரில் ஒரு சின்ன இடம் பிடித்து, பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற குடும்பங்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்துத் தம்பிகளைப் படிக்கவைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை என்கிறார்கள். ஆலை ஓடிய நாளில் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்பதற்கு முன்னால் “பெரியவர் எப்படிடா இருக்காரு?” என்பார். நன்றாக இருக்கிறார் என்பேன். உங்கள் பால் டப்பாவும் பள்ளிக்கூடப் பையும் அந்தப் பெரியவர் கொடுத்ததுதான். ஆலை மூடும் வரை, தினமும் காலையில் அவர் சுவிட்சைப் போட்டதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த ஜன்னலைத்தான். 25 என்று எரிந்தால்தான் மூச்சு வரும். பக்கத்தில் அந்த ஹேர்பின் கீறல் இருக்கும்.

நேற்று உங்கள் புது கம்ப்யூட்டர் வந்தது. கடைசியில் வேகமானதையே எடுத்தீர்கள். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக வெளிச்சம், முன்னால் ஜன்னல் இல்லை, எண் இல்லை. இதை மெதுவாக்குகிற பட்டன் எங்கே என்று கேட்டேன், இரண்டு பேரும் சிரித்தீர்கள். உங்கள் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பெட்டியைச் சுற்றி வந்து, பின்பக்கம் ஓரமாக, அமுங்க எதுவும் இல்லாத தகட்டில், தொட்டும் தொடாமலும் பொட்டு வைத்தேன். “அங்க போய் யாருப்பா பொட்டு வைப்பாங்க?” என்று கேட்டீர்கள். முன்பக்கம் வந்து, குனிந்து, எண் எதுவும் எரியாத அந்த வெறும் மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.