ஈயத்துக்குக் கையெழுத்து கிடையாது

ராஜபாளையத்தில் காசிராஜன் அச்சகத்தில் கம்போசிங் வேலை பார்த்த கிருபாபாய் பேசிக் கேட்டவர்கள் குறைவு. காலையில் வந்ததும் "வந்துட்டேன் அண்ணாச்சி", சாயங்காலம் கிளம்பும்போது "போறேன் அண்ணாச்சி". முதலாளி காசிராஜனுக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது அம்புட்டுத்தான். ஆனால் அந்த வட்டாரத்துக் கல்யாண வீடுகளில் மைக்கில் வாசிக்கப்பட்டு, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த வாழ்த்து மடல்களில் பாதி அவள் எழுதியவை. அது காசிராஜனுக்கு மட்டும்தான் தெரியும்.

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து காசு போட்டு, ரோஸ் நிறத் தாளில் ஒரு கவிதை அச்சடித்து, கீழே தங்கள் பெயர்களை வரிசையாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி மேடையில் கொடுப்பது அப்போது வழக்கம். கவிதையை யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை. "நீங்களே பாத்து ஏதாவது போட்டிருங்க" என்பார்கள். மற்ற அச்சகங்களில் வானம் வாழ்த்தும், வையகம் வாழ்த்தும், பெயர் மட்டும் மாறும். கிருபாபாயோ மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பாள். பிறகு இடது கையில் கம்போசிங் கட்டையைப் பிடித்து, வலது கையால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே போவாள். தாளில் எழுதிப் பார்ப்பதே இல்லை. அச்சு முடிந்ததும் எழுத்துகள் கலைந்து அதனதன் அறைக்குத் திரும்பிவிடும். நேற்று ஒரு மாப்பிள்ளையின் தொந்தியைக் கேலி செய்த எழுத்தே இன்று யாருடைய கண்ணீர் அஞ்சலியிலோ போய் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். ஈயத்துக்குக் கையெழுத்து கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் அவள் எழுதினாள்.

சொந்தப் பெயரில் எழுதிப் பார்க்காமலும் இல்லை. சர்ச் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு கவிதை தரும்படி போதகர் ஐயர் கேட்டபோது வீட்டில் பேனாவோடு உட்கார்ந்தாள். மேலே 'கிருபாபாய்' என்று எழுதியதுதான் தாமதம், ஐயரம்மா, பாட்டுக்குழு, அப்பா எல்லாரும் வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். கடைசியில் அன்பு, பண்பு, தெம்பு என்று முடிந்த ஒரு எட்டு வரியைக் கொடுத்தாள். ஐயர் நன்றாக இருக்கிறது என்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

1987இல் அவளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை ஞானராஜ், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். நிச்சயதார்த்தத்தில் அவனுடைய அம்மா ஏசம்மாள் கிருபாபாயின் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி இது, கையெல்லாம் மையி? கல்யாணத்துக்குப் பொறவு இந்த அச்சாபீசு வேலையெல்லாம் வேண்டாம், கேட்டியா?"

கிருபாபாயின் அப்பா தலையை ஆட்டினார். ஞானராஜ் ஃபேனைப் பார்த்தான், அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோல. கிருபாபாய் விரல்களை மெல்ல இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சம்பளம் போவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த ஈய எழுத்துகளை விட்டால் அவளுக்கு வேறு வாய் கிடையாது. அதைச் சொல்வதற்கும் வாய் வேண்டுமே!

சபைக் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாவது தடவை வாசித்த வாரம், வில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். காளிராஜ், பால்பாண்டி. ராஜபாளையத்தில் ஒரு அச்சகத்து மடல் கூட்டத்தையே சிரிக்கவைக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறியவர்கள்.

"அக்கா, எங்க கூட்டாளிக்குக் கல்யாணம். அவனுக்கே தெரியாம அடிக்கணும்" என்றான் காளிராஜ். "மாப்பிள்ள பேரு ஞானராஜ். பொண்ணு பேரு கிருபாபாய். பேரு தப்பு வந்துரக் கூடாதுக்கா."

காசிராஜனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டார்.

"தப்பு வராது" என்றாள் கிருபாபாய். "பொண்ணு எப்படி?"

"யாருக்கா பாத்தா? ஊமை மாதிரி உக்காந்திருக்குமாம். இவனும் வாய் தொறக்க மாட்டான். ரெண்டும் சேந்து என்ன செய்யப் போகுதோ!"

"மாப்பிள்ளைக்குப் பயம் ஜாஸ்தியோ?"

"கரண்டுக்குப் பயப்பட மாட்டான்" என்றான் பால்பாண்டி. "அவங்க அம்மைக்குத்தான்."

"செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு கிருபாபாய் கட்டையை எடுத்தாள். அன்றைக்கு அவள் கை ஓடிய வேகத்தை, மறுபடி உள்ளே வந்த காசிராஜன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திரும்பி வந்தவர்கள் புரூப்பைப் படித்தார்கள். பால்பாண்டி சிரித்துவிட்டு, பாதியில் நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணி வேலைக்குப் போறதப் பத்தி நமக்கென்னலே?"

"ஏலே, இது புதுமைலே!" என்றான் காளிராஜ். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இத நாந்தான் எழுதுனேன்னு சொல்லிக்கிடலாமா?"

"தாராளமா."

கல்யாணத்தன்று மண்டபத்தின் முன்பக்கம் மேடை, பின்பக்கம் பந்தி. முதல் பந்தியில் மில்லுக் கூட்டாளிகள் மொத்தமாக உட்கார்ந்திருக்க, சேத்தூரிலிருந்து வந்த பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டாம் பந்திக்காகப் பசியோடு சுவர் ஓரம் நின்றார்கள். காளிராஜ் மைக்கைப் பிடித்தான். "அன்பு நண்பனுக்காக இரவெல்லாம் கண்விழித்து நான் எழுதிய..." என்று முன்னுரை வேறு கொடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான்.

"மின்கம்பியைத் தொடுவதற்கு அஞ்சாத ஞானராஜே,
அம்மாவிடம் பேச மட்டும் ஷாக் அடிப்பது ஏனய்யா?"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டலை வாங்கிக்கொள்வதற்காகக் காளிராஜ் பெருமையோடு மணமக்கள் பக்கம் திரும்பினான். முக்காட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தான். மைக் கீச்சென்றது.

அச்சாபீசு அக்கா!

கிருபாபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இப்போது இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதுப் பெண்ணே மாமியாரைக் கேலி செய்து மடல் போட்டாள் என்று வத்திராயிருப்பு வரைக்கும் பரவிவிடும். வேலை போவதோடு முடியாது, மானமும் போய்விடும். அவனையே இமைக்காமல் பார்த்தாள். காளிராஜ் இரவெல்லாம் கண்விழித்ததாகச் சொன்னது சற்றுமுன்தான். அத்தனை ஜனத்துக்கு முன்னால் அதை எப்படி விழுங்குவது? வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் வாசித்தான்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் தரும் உத்தமனே கேளடா,
உன் வீட்டு விளக்கை நீ அடுப்படியில் பூட்டாதே!
எட்டு மணி பஸ்ஸிலே ஜன்னல் சீட்டுப் பிடித்து
ராஜபாளையம் வேலைக்கு அனுப்பி வை அவளையே!
சம்மதம் என்றால் இப்போதே கையைத் தூக்கு,
இல்லையேல் பந்தி விட்டு எழ மாட்டோம் நாங்களே!"

பின்னால் மில்காரர்கள் இலையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். "கையத் தூக்குலே மாப்பிள!" என்று கூச்சல். சுவர் ஓரம் நின்ற சேத்தூர்க்காரர் ஒருவர், "ஏசம்மா, சீக்கிரம் ஒரு முடிவச் சொல்லு, பசி உயிரு போகுது" என்றார்.

ஞானராஜ் ஃபேனைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு சுவிட்சு போடுகிறவன்போல மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"ஏலே, கைய எறக்கு!" என்றாள் ஏசம்மாள்.

அவன் இறக்கவில்லை. இலையைத் தட்டும் சத்தம் கூடியது. சம்பந்தக்காரர்கள் பட்டினி நிற்பது ஏசம்மாளுக்குக் கௌரவக் குறைச்சல். "சரி, சரி, போய்த் தொலையட்டும்! எந்திரிங்கடா மொதல்ல!" என்று கத்தினாள். பந்தி எழுந்தது.

கல்யாண விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு கிருபாபாய் எட்டு மணி பஸ்ஸில் அச்சகத்துக்குப் போனாள். காளிராஜ் அங்கே தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தான்.

"அக்கா... இல்ல, அண்ணி... கூமாப்பட்டியில ஒரு கல்யாணம். நாந்தான் எழுதணும்னு ஒத்தக் கால்ல நிக்காங்க."

"மாப்பிள்ள என்ன வேல பாக்காரு?" என்றாள் அவள், கட்டையை எடுத்துக்கொண்டே.

அப்படியே ஆறு வருஷம் ஓடியது. காளிராஜ் கவிஞர் காளிராஜ் ஆனான். தோளில் துண்டு வந்தது. 1993இல் வில்லிபுத்தூரில் ஒரு நண்பர் மன்றம் அவனுக்குப் பட்டம் கொடுப்பதாக நோட்டீஸ் அடித்தது. அதை அடித்ததும் அவள்தான். விழாவுக்கு முந்தின நாள் அவன் ஓடி வந்தான்.

"என்னால ஏலாது அண்ணி. மேடையில உண்மையச் சொல்லிருதேன். பட்டம் உங்களுக்குத்தான்."

கிருபாபாய் பதறிப்போனாள். "கெடுத்திராதீக! இன்னாருன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கல்யாணத்துல நான் கேலி எழுத முடியும்? எம் பேரு தெரிஞ்சா எனக்கு அன்பு, பண்பு, தெம்புதான் வரும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவள் அச்சுக்கோத்துக் கொடுத்த ஏற்புரையை வாங்கிக்கொண்டு போனான்.

விழாவில் அவன் அதை அப்படியே வாசித்தான். "இந்தத் துண்டு என்னுடையது. இந்தத் தொப்பையும் என்னுடையதே. கவிதை எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரவெல்லாம் கண்விழித்தேன் என்று சொல்வேன், என் வீட்டுக்காரியைக் கேளுங்கள், குறட்டைக்கு அவள்தான் சாட்சி." கூட்டம் உருண்டு சிரித்தது. இப்படியொரு தன்னடக்கமா என்று தலைவர் கண்ணைத் துடைத்தார்.

நாலாவது வரிசையில் கிருபாபாய் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஞானராஜ் மேடையைப் பார்த்தபடியே கைதட்டினான். தட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், மெல்லச் சொன்னான்:

"அந்தத் தொப்பைய மட்டும் எழுதாம விட்டிருக்கலாம்ட்டி. பாவம், நம்ம காளி."