பேசினால் மாறும் அளவு

ஒருவரைக் குளிரிலிருந்து காக்கப் பின்னிய பொருளே அவர் உயிரைக் குடித்ததா? இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வோம்? பெரும்பாலோர் கேட்டுவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன்.

மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது குல்லாக்காவின் வேலை. உள்ளே பனிப்புகைக்குள் பெட்டி அடுக்குகிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்த தொப்பி பேருக்குத்தான். அதனால் மதிய இடைவேளைகளில் கம்பளிக் குல்லா பின்ன ஆரம்பித்தார்; அந்தப் பெயர் அப்படி வந்தது. முதல் இரண்டு வருடத்துக் குல்லாக்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று பானை மாதிரி இருந்தது, இன்னொன்று பை மாதிரி. பிறகு கை பழகியது. கருநீலத்தின் மேல் கடுகு மஞ்சள் நூல் முறுக்காகச் சாய்ந்து ஏறி உச்சியில் முடியும். வேலை விட்டு வெளியே வந்த பிறகும் சிலர் அதைக் கழற்ற மாட்டார்கள். அழகாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கண்ணாடி பார்த்து ஓரத்தை மடித்துவிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவர் கணவரும் அங்கே பெட்டி அடுக்குகிறவர். "இந்தக் கம்பெனியில எல்லாருக்கும் குல்லா போட்ட ஒரே ஆளு இவதான்" என்பார்.

ஒரு நாள் அவர் காது மடல் வெடித்து வீட்டுக்கு வந்தார். குல்லாக்கா அவருடைய குல்லாவைப் பாதிவரை பிரித்து, காதுப் பக்கம் இரண்டு மடிப்பாகத் திரும்பப் பின்னினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நீ திட்டுறது சுத்தமா கேக்கல. இதை முன்னாடியே பின்னியிருக்கக் கூடாதா?"

மூன்றாவது வாரம், கிடங்குக்குள் பின்பக்கமாக வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவரைச் சுவரோடு நசுக்கிவிட்டது.

ஹாரன் அடித்தேன் என்று விசாரணையில் டிரைவர் சொன்னார். பக்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை. 'காதை மூடிய சொந்தத் தலையணியால் ஒலி கேட்டிருக்காது' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். வீட்டில் பின்னியது எதையும் உள்ளே அணியக் கூடாதென்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்கள் குல்லாக்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

கணவரின் குல்லா வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், குல்லாக்கா அதை மாட்டிக்கொண்டு பஸ் டிப்போ வாசலில் சாலைக்கு முதுகு காட்டி நின்றார். கணவரின் அக்கா கூடவே நின்று ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

"பதினொண்ணு அடிச்சாங்க. உனக்கு எத்தனைடி கேட்டுச்சு?"

"பதினொண்ணு."

"அப்புறம் என்ன? குல்லா மேல தப்பில்ல. அவன்தான் அடிக்கல."

"நான் கேக்கணும்னே நின்னேன். அவர் பெட்டி அடுக்கிட்டில்ல இருந்தார்."

நாத்தனார் மடக்கிய விரல்களை விரித்துக்கொண்டார். நான் இதைப் பல நாள் யோசித்தேன். காத்திருக்கும் காதும் வேலையிலிருக்கும் காதும் ஒன்றல்ல.

எட்டு மாதம் குல்லாக்கா ஊசியைத் தொடவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் அந்த டிரைவர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தே?" என்று நாத்தனார் கதவை மறித்தார்.

"அண்ணிகிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம தூக்கம் வரல."

"உள்ள வாங்க தம்பி" என்றார் குல்லாக்கா. டிரைவர் உட்கார்ந்ததும் அவர் காதைப் பார்த்தார். "இன்னும் கம்பெனித் தொப்பிதானா? மடல் வெடிச்சிருக்கு."

"அது கிடக்கட்டும் அண்ணி. அன்னிக்கு ஹாரன்…"

குல்லாக்கா எழுந்துபோய் இஞ்ச் டேப்பை எடுத்துவந்தார். தலையைச் சுற்றி அளந்தார். பிறகு ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாடைக்கு அடியில் டேப்பைக் கொடுத்தார்.

"நான் சொல்லிடறேன் அண்ணி. அந்த ஹாரனை நான்…"

"பேசாதீங்க. தாடை அசைஞ்சா அளவு மாறிடும்."

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். தாடை மட்டும் நிற்கவில்லை. அது அடங்கும்வரை குல்லாக்கா டேப்பைத் தளர்த்தாமல் பிடித்திருந்தார். பிறகு அளவைக் குறித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்றார். அவர் சொல்லாமலே போனார். மறுபடி சொல்ல வரவும் இல்லை.

நாத்தனார் கத்தித் தீர்த்தார். "நிஜத்தைச் சொல்ல வந்தவன் வாயை அடைச்சிட்டியே! உள்ள போடவும் விட மாட்டாங்க, எதுக்குடி இது? யாருக்குக் குல்லா போடுறே, அவனுக்கா, உனக்கேவா?"

"எண்பத்தெட்டு, எண்பத்தொம்பது…" குல்லாக்கா ஊசியில் ஏற்றிய கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் குல்லா முடிந்தது. அதே கருநீலம், அதே கடுகு மஞ்சள் முறுக்கு. காதுப் பக்கம் இரண்டு மடிப்பு.