ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் வாந்தி

ஃபிட்டர் போவாஹென் எதற்காகவும் காத்திருந்ததாகச் சுவாமே மேகசின் என்ற மெக்கானிக் பேட்டையில் யாரும் சொல்லமாட்டார்கள். குமாசி நகரத்தின் பாதி வண்டிகளைப் பிரித்து மீதிப் பாதியை ஓட்டிக் காட்டும் அந்தத் தகரக் கொட்டகை உலகத்தில், அவர் நடந்தபடியே கென்கே என்ற சோள உருண்டையைத் தின்பார், நடந்தபடியே கூலி பேசுவார். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வெளியே யாருடைய வண்டியாவது இருமினால் எழுந்து போய் பானெட்டைத் திறந்துவிடுவார். வண்டி சரியாகிவிடும். அவருடைய ஆத்துமாவைப் பற்றித்தான் பாஸ்டருக்கு உறுதியில்லை.

இப்படிப்பட்டவரின் சொந்த ஜீப் ஒழுங்காக ஓடவில்லை. அது ஜப்பானில் வலது பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த கிழம். இந்நாட்டுச் சட்டத்துக்கு அது ஆகாது. ஊர் வழக்கப்படி ஸ்டீயரிங்கைப் பெயர்த்து இடது பக்கம் வைத்தார்கள். அன்றிலிருந்து மேட்டைக் கண்டாலே ஜீப்புக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை மாம்பொங்கில் மாமியாருக்கு அடக்கம். பெட்டியில் வைக்க வேண்டிய துணி, பாய், மோதிரம் எல்லாம் மருமகன் கொண்டுவர வேண்டியவை. அவை வராமல் பெட்டியை மூடினால் மனைவி கொனாடு ஆயுள் முழுக்கப் பேச்சு வாங்குவாள். மாம்பொங்குக்கோ மலைச்சரிவில் ஏறித்தான் போகவேண்டும்.

கொனாடுவை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் அம்போன்செம் மினிபஸ்ஸோடு வந்தான். மைத்துனரை அங்கே அகொன்டா என்பார்கள்.

"அகொன்டா, நீங்களும் வாங்களேன். வாழைக்குலைக்கும் ஆட்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு."

"எனக்கு வண்டி இருக்கு."

"இருக்குதான். போன மாசம் பார்த்த அதே இடத்துல இருக்கு."

கொனாடு சிரிக்கவில்லை. "சனிக்கிழமை பெட்டி மூடுறதுக்குள்ள துணி வந்துடணும். கூடவே நீங்களும் வந்தா சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

போவாஹென் கோளாறு காட்டும் ஸ்கேனரை ஜீப்பில் செருகினார். எஞ்சினில் இரண்டு வரிசை சிலிண்டர்கள், வரிசைக்கொரு புகைக்குழாய், குழாய்க்கொரு சென்சார். சென்சார் புகையை முகர்ந்து சொல்ல, எஞ்சினை ஆளும் மூளைப்பெட்டி அந்த வரிசைக்குப் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். எத்தனை சதவீதம் என்பதுதான் ஃபியூல் ட்ரிம். ஐந்தாறு என்றால் கிழ வண்டிக்கு அழகு. இங்கே இடது வரிசைக்குக் கூட்டல் இருபத்தைந்து, வலதுக்குக் கழித்தல் இருபத்தைந்து. இரண்டும் அதற்குமேல் போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நின்றன.

"ஒரே டேங்க், ஒரே பம்ப்," என்றார் போவாஹென். "ஒரு பக்கம் பட்டினி, மறுபக்கம் வாந்தி."

இடதில் காற்று கசிகிறது என்று கேஸ்கெட்டை மாற்றினார். எண் அசையவில்லை. வலதில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று இடதும் வலதுமாக மாற்றிப் போட்டார். எண் அப்போதும் அசையவில்லை. கடைசியில் வேறு வழியின்றி வயர்மேன் இஸ்ஸிஃபுவைக் கூப்பிட்டார். மேகசினில் ஃபிட்டர் வயரைத் தொடமாட்டார், வயர்மேன் ஸ்பேனரைத் தொடமாட்டார், பெயின்டர் இரண்டையும் தொடாமல் இருவரையும் குறை சொல்வார். யாருடைய எல்லைக்கும் உட்படாத கோளாறு அங்கே சுகமாக வாழலாம்.

"ஸ்டீயரிங் மாத்துனப்போ மூளைப்பெட்டிய எதிர்ப்பக்கம் கொண்டுபோனது யாரு?" என்றான் இஸ்ஸிஃபு.

"நீதான்."

"அப்ப வயர்ல குத்தம் இருக்காது."

"மூளைப்பெட்டியில இருக்கிற பழைய கணக்கை அழி. எஞ்சின் சூடாகட்டும். இடது பக்கம் ஒரு இன்ஜெக்டர் ப்ளக்கை உருவுறேன். எரியாத காத்து அந்தக் குழாய்ல போகும். இடது எண்தான் ஏறணும்."

"சூடாகுற வரைக்கும் நீங்க எதையும் கழட்டக் கூடாது, மாஸ்டர்."

"நான் ஏன் கழட்டப்போறேன்?"

"கையில ஸ்பேனர் இருக்கே."

ஸ்பேனரை அவனிடம் கொடுத்தார். அவன் தொடமாட்டேன் என்றான். தரையில் வைத்தார். ஜீப்பைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், பக்கத்துக் கொட்டகைக்காரனின் வெல்டிங்கில் குற்றம் கண்டுபிடித்தார். சூடானதும் பாய்ந்து ப்ளக்கை உருவினார்.

"வலது ஏறுது," என்றான் இஸ்ஸிஃபு.

"இடதைப் பாருடா."

"இடது தூங்குது, மாஸ்டர்."

இடது குழாய் விட்ட மூச்சை மூளைப்பெட்டி வலதின் மூச்சென்று நம்பிக்கொண்டிருந்தது. பெட்டி இடம் மாறியபோது வயர்க்கற்றை புரண்டு, அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சென்சார் ப்ளக்குகளும் கைக்கெட்டிய பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசை லேசாக இளைத்தாலும் மூளை மற்றதற்கு ஊட்டியது. இளைத்தது மேலும் இளைக்க, மற்றதற்கு மேலும் ஊட்டியது.

"வயரைப் புரட்டுனது நீ."

"ப்ளக்கை மாட்டுனது நீங்க."

இருவரும் பெயின்டரைப் பார்த்தார்கள்.

ப்ளக்குகளைச் சரியாக மாற்றி மாட்டிய ஜீப்பில் சனிக்கிழமை சரிவில் ஏறும்போது ஸ்கேனர் பக்கத்து இருக்கையில், துணி மூட்டையின்மேல் இருந்தது. ஒரு கண் சாலையில், ஒரு கண் எண்ணில். கூட்டல் மூன்று, கழித்தல் இரண்டு. ஜீப் ஏறிக்கொண்டே இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. நின்றால் இறங்கித் திறக்கலாம், ஓடுகிற வண்டியை என்ன செய்வது?

மாம்பொங்கில் பந்தல் முழுக்கத் துக்க உடையின் கறுப்பும் சிவப்பும். எல்லா முகமும் பெட்டியின் பக்கம். ஜீப் வந்து நின்றது ஒருவர் காதிலும் விழவில்லை. போவாஹென் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதித்தார். யாரும் திரும்பவில்லை. அம்போன்செம் எங்கே என்று தேடியபடி இன்னொருமுறை மிதித்தார்.

ஜீப்பின் ஜன்னலருகே கொனாடு வந்து நின்றாள். அழுதழுது குரல் உடைந்திருந்தது.

"எங்கம்மா உள்ள படுத்திருக்கா. அதை அணைங்க."

அணைத்தார். மூட்டையை அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார். குடும்பத்தின் சார்பில் பேசுகிற பெரியவர் ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி, மருமகனின் பெயரை உரக்கச் சொன்னார்.

அம்போன்செம் அருகில் வந்து காதோரம் குனிந்தான். "எப்ப வந்தீங்க, அகொன்டா? சத்தமே கேட்கலையே."

இந்தக் கேள்விக்கு வழியெல்லாம் அவர் பதில் தயாரித்திருந்தார். ஆனால் கொனாடு அந்தத் துணியைத் தாயின் காலருகே மடித்து வைத்து, சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். பெட்டி மூடும்வரை மைத்துனர்கள் இருவரும் அங்கேயே காத்து நின்றார்கள்.