பத்தாம் லெவல் வீரர்களுக்குக் கூறு போட்ட கதை

நாற்பது வயதுக்கு மேல் மந்திரவாதி, வாள்வீரன் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் ஆட்டம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் வாரமெல்லாம் லாரிக்காரர்களோடு கத்திவிட்டு, ஞாயிறு மதியம் கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் வேலையும் என் தலையில்தான். ஆடுபவர்கள் மூன்று பேர்: ராயபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன், மணலி ஆலையில் ஷிப்டு பார்க்கும் தோழி, நெட்டுக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் என் பள்ளி நண்பன்.

மாதக்கணக்கில் இழுக்கும் கதைக்கு எங்களில் யாருக்கும் லீவு கிடையாது. ஒரே உட்காரலில் முடிகிற ஆட்டம்தான் ஒத்துவரும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஆளுக்கொரு பத்தாம் லெவல் வீரனை, அதாவது பல சண்டை பார்த்துத் தேறியவனை, வைத்து ஆடினால் ஒரு தொல்லை. நெடுங்கதையில் வாளும் கவசமும் சண்டை போட்டுச் சம்பாதித்தவை. இங்கே நான்தான் கொடுத்தாக வேண்டும்.

முதல் தடவை எல்லோருக்கும் ஒரே அளவு தங்கம் கொடுத்து, வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கடைக்காரன் வியாபாரியாயிற்றே, விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தான். அவனுடைய மந்திரவாதி பறந்தான், மறைந்தான், நெருப்பிலும் வேகவில்லை. கடலிலிருந்து நேராக வந்த நண்பன், படத்தில் பெரிதாகத் தெரிந்த வாளை வாங்கினான். தங்கம் அதோடு தீர்ந்தது. சண்டைக்கு வந்த டிராகன் வானத்தை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அவன் வீரன் கடைசிவரை தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை நானே பொறுக்கிக் கொடுத்தேன். அது இன்னும் மோசம். தோழிக்கு மாயக்கவசம் போனது, நண்பனுக்குச் சாதாரணக் கேடயம்.

"நீ கணக்கு பார்த்துதான் குட்த்துருப்ப மாமு," என்றான் அவன். "ஆனா நான் இங்க சும்மா தொணைக்குக் குந்திகினு கீற ஆளு. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா நான் வர்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது. அவன் நின்றுவிட்டால் ஆட்டமும் நின்றுவிடும். எங்கள் நாலு பேருக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேறு சாக்கே இல்லை.

"அப்ப நீயே சொல்லு, எப்டி பிரிக்கிறது?"

"கூறு போடு."

சேர்ந்து பிடித்த மீனை அவன் குப்பத்தில் பிரிக்கும் வழி அது. சமமாகக் குவியல் வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நிற்பவர் திரும்பாமலே பேர் சொல்வார். அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அடுத்த ஞாயிறு கூறுக்கு ஒரு ஆயுதம், ஒரு கவசம், ஒரு மருந்து என்று சீட்டுகளில் எழுதி மூன்று கூறு வைத்தேன். தோழி சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். மீன் எந்த வீட்டுக்குப் போனாலும் குழம்பாகும், மந்திரக்கோல் அப்படி இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மந்திரமே தெரியாத நண்பனின் வீரனுக்கு மந்திரக்கோல் விழுந்தது. கடைக்காரனின் மந்திரவாதிக்கு, அவனால் தூக்கவே முடியாத கோடாலி.

"பேஜாரா பூட்ச்சே. மாத்திக்கலாம் தோஸ்து," என்றான் கடைக்காரன்.

"கூறு போட்டா போட்டதுதான்," என்றான் நண்பன்.

அவன் வீரன் அந்தக் கோலை விறகுக்கட்டை மாதிரி சுழற்றிப் பூதத்தை அடிக்கப் போனான். முதல் சண்டையிலேயே செத்தான். எனக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் போலிருந்தது. நண்பன் முகத்தைப் பார்க்கவே தெம்பில்லை. அவனோ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பூதங்களுக்காக நான் உருட்டும் பகடையை இனி தான் உருட்டுவதாகச் சொன்னான். சாயங்காலம் வரை மற்ற இருவரின் வீரர்களையும் சிரித்துச் சிரித்து அடித்தான்.

கிளம்பும்போது கேட்டேன்: "உனக்குத்தான் ஒண்ணுமே சரியா வரல. கோவம் இல்லையா?"

"வந்தது கலீஜ்தான்," என்றான் வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "ஆனா இவனுக்கு இது போதும்னு யாரும் பார்த்து குடுக்கல பாரு. ஞாயித்துக்கெயம வந்துர்றேன். நீ போய் கொஞ்சம் தூங்கு மாமு, மூஞ்சே சரியில்ல."