மாற்று வேட்பாளர் பழனிவேல்

கடலூர் மாவட்டத்தில் நான்கு கலெக்டர்கள் முன்னால் நின்று வேட்பாளராக உறுதிமொழி எடுத்தவன் நான். படித்தது அஞ்சாம் வகுப்பு, அதையும் முழுசாக முடிக்கவில்லை. இத்தனைக்கும் எந்தத் தேர்தலிலும் என் பெயர் ஓட்டு மெஷினில் வந்ததில்லை. நான் மாற்று வேட்பாளர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கட்சி நிறுத்துகிறவரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியாகிவிட்டால் கட்சி அம்போ என்று நிற்கக் கூடாது இல்லையா, அதற்காக இன்னொருத்தரையும் கூடவே மனுப் போட வைப்பார்கள். மறுநாள் பரிசீலனை. அசல் ஆளின் மனு சரியாக இருந்தால் மாற்று ஆளின் மனு தன்னால் தள்ளுபடி. மொத்தம் ஒன்றரை நாள் வேட்பாளர். அந்த ஒன்றரை நாளை நான்கு தடவை வாழ்ந்திருக்கிறேன்.

எங்கள் எம்.பி. செம்பியன் ஐயாவுக்குத் தம்பி உண்டு, மருமகன் உண்டு, கட்சியில் ஆட்கள் ஏராளம். அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை ஏன் போட்டார் என்று அவரே மேடையில் சொன்னார். "மத்தவன் எவனா இருந்தாலும் என் மனு எப்படா தள்ளுபடியாவும்னு சாமி கும்பிடுவான். பழனி ஒருத்தன்தான் என் மனு ஏறணும்னு கும்பிடுவான்." கூட்டம் சிரித்தது. உண்மையும் அதுதான்.

பத்து வயதில் கடலூர் பழைய டவுனில் ஒரு பட்டறையில் தரை கூட்டினேன். இருபத்திரண்டு வயதில் மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்தமாக மோட்டார் காயில் கட்டும் கடை போட்டேன். எரிந்து வரும் மோட்டாரைக் கழற்றாமல், மோந்து பார்த்தே எது போயிருக்கிறது என்று சொல்வேன். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். ஐயா வீட்டு மோட்டாரை மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட பிறகு நான் போய் ஓட விட்டேன். பழக்கம் அப்படி வந்தது.

முதல் தடவை மனு தள்ளுபடியாகி வீட்டுக்கு வந்தபோது என் மனைவி லோகநாயகி இலையைப் போட்டுவிட்டு, "இன்னா எம்.பி., சாம்பாரா ரசமா?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எம்.பி.தான். மூன்றாம் தேர்தலுக்கும் நான்காம் தேர்தலுக்கும் நடுவில் அவள் போய்விட்டாள். நான்காம் தடவை தள்ளுபடியாகி வந்தபோது நானே போட்டுக் கொண்டு சாப்பிட்டேன்.

போன தேர்தலுக்கு முன்னால் ஐயா, இனி நிற்கப் போவதில்லை என்று அறிக்கை விட்டார். எழுபத்தெட்டு வயசு, நெஞ்சில் ஆபரேஷன் வேறு. சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்து யார் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குச் சந்தேகமே இல்லை. விருப்ப மனு கொடுத்துவிட்டு, கடலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் ராபர்ட்டிடம் சொன்னேன். நான்கு தடவையும் என் பேப்பரெல்லாம் பூர்த்தி செய்தவன் அவன்தான்.

"அசல் ஒதுங்கினா மாற்று வர வேண்டியதுதானேடா. ஸ்டெப்னி பின்ன எதுக்கு இருக்குது?"

"மாமா, ஸ்டெப்னி டயரு பஞ்சரானா மாட்டுறது. இப்ப வண்டியையே மாத்துறாங்க" என்றான் ராபர்ட்.

நான் சிரிக்கவில்லை.

பட்டியல் டி.வி.யில் வந்தது. எங்கள் தொகுதிக்கு டாக்டர் இளமதி என்று படித்தார்கள். பண்ருட்டியில் வைத்தியம் பார்க்கும் பெண், நாற்பது வயசு இருக்கும். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். ஐயா நாற்காலியில் சாய்ந்து பேப்பர் பார்த்துக் கொண்டிருந்தார். வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை. எம்.பி.யாக இருந்தபோது செருப்பைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும்.

"மேலிடத்துல யாரைப் போடலாம்னு உங்களைக் கேட்டிருப்பாங்களே ஐயா."

"கேட்டாங்க. படிச்ச பொண்ணு, ஜனங்க கிட்ட நல்ல பேரு, ஜெயிக்கும்னு சொன்னேன்."

"என் பேரு?"

பேப்பரை மடித்து வைத்தார். "நீ நிக்கணும்னு நினைச்சியா பழனி? இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவைகூட சொன்னதில்லையே."

சொல்லாமலே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் சொல்லவில்லை. "மாற்று வேட்பாளராவது நான்தானே?" என்று கேட்டேன்.

"அவுங்க வூட்டுக்காரரு போடறாராம்பா. டீ சாப்டுட்டுப் போ."

சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஆட்டோக்காரர்கள் வழியெல்லாம் கூப்பிட்டார்கள்.

சுயேச்சையாக நிற்கிறேன் என்று ராபர்ட்டிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "கட்சின்னா ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும். சுயேச்சைக்குப் பத்து பேரு கையெழுத்து வேணும் மாமா. நம்ம தொகுதி ஓட்டர் லிஸ்டுல இருக்கறவங்களா இருக்கணும்."

"பத்துதானா? மேல்பட்டாம்பாக்கத்துல நான் தும்மினா நூறு பேரு நூறாயுசும்பான்."

அவன் பிரமாணப் பத்திரத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தான். மனைவி பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதல் தடவை அந்தப் பக்கம் முழுக்க நிரம்பியிருந்தது. மனைவி, மகன், மகள், என் அம்மாகூட இருந்தார்கள்.

"பொருந்தாதுன்னு எழுது" என்றேன்.

"சார்ந்திருப்போர்?"

"அதுக்கும் அதையே எழுது."

எழுதி முடித்துவிட்டு முதல் கையெழுத்தை அவனே போட்டான். பக்கத்து வீட்டு ஜெயராணி டீச்சர் போட்டார். வயதான அவர் அம்மாவும் போட்டார். சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன்.

"இன்னாப்பா இது, வயசான காலத்துல? என் ஓட்டை எப்பவோ இங்க மாத்திட்டேனே" என்றான். மாற்றியது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் தனிக்கடை வைத்திருக்கும் தமிழ்மணியிடம் போனேன். எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"நீங்க நில்லுங்க மாமா. என் வூட்டு ஓட்டு நாலும் உங்களுக்குத்தான். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. கட்சிக்காரங்க பாத்தா கடைக்கு வர மாட்டாங்க."

"ஓட்டுதான் யாருக்கும் தெரியாதேடா. தெரியாம என் பக்கம் நிக்கறவனை வச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

"காபி சொல்லட்டா மாமா?" என்றான்.

நான்கு நாள் அலைந்தேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருத்தன் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றான். ஒருத்தன் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஒருத்தன் வீட்டுக்குள் இருந்துகொண்டே ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னான், எனக்கே கேட்டது. கடைசியில் மூன்று பேர் போட்டார்கள். மொத்தம் ஆறு.

கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் இறங்கினோம். மூன்று மணிக்குள் மனுக் கொடுக்க வேண்டும். இளமதி தரப்பு மேளத்தோடு வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ரோடெல்லாம் பட்டாசுக் காகிதம். ராபர்ட் டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்தான்.

"நாலு பேரு தானே மாமா குறையுது? ஓட்டர் கார்டு இருக்கறவனைப் புடிச்சி வாங்கிடலாம். சட்டப்படி செல்லும்."

நான் பேசாமல் இருந்தேன். அதையே சரி என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேரை அழைத்து வந்தான். நல்ல மனிதர்கள், தாலுகா ஆபீசுக்குச் சர்டிபிகேட் வாங்க வந்தவர்கள். ஒருத்தர் பேனாவைத் திறந்து, காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, "நிக்கறது யாருங்க? உங்க பேரு இன்னா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்.

காகிதத்தை வாங்கி மடித்துக் கொண்டேன். "வேணாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"மாமா, இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குது" என்றான் ராபர்ட்.

"எழுபது வருஷமா இருக்கறேன்டா இந்த ஜில்லாவுல. என் பேரைக் கேட்டுட்டு எவனும் என்னை முன்மொழிய வேணாம்."

எதிரே இருந்த மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று அடித்ததும் கேட்டைச் சாத்தினார்கள். அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

சாயந்திரம் ஐயா போன் செய்தார். செய்தி அதற்குள் சிதம்பரம் போயிருக்கிறது.

"ஆறு பேரு போட்டாங்களாமே பழனி."

"ஆமாங்கய்யா. பத்து தேறல."

ஐயா இருமினார். "மூணு மாசத்துல நீ ஒருத்தன்தான்டா வூடு தேடி வந்தவன். எனக்கு இப்ப ஆறு தேறுமான்னு தெரியல."

நான் போனை வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக் கொண்டிருந்தது. பிறகு, "அப்பா, மாத்திரை" என்று அவர் மகள் கூப்பிடும் குரல் வந்தது. "வச்சிடறேன் பழனி" என்று வைத்துவிட்டார்.